பனித்திட்டுக்கு லொக்கேஷன் அனுப்பலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, இத்தாலில கூட்டமே இல்லாத பீச், யாருக்கும் தெரியாத ஊர் ஏதாவது சொல்லுங்க." சொல்றேன். ஆனா இன்னைக்கு நாம கிளம்பப்போற இடம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட். கடலூர் பஸ்ல ஏறி கிருமாம்பாக்கத்துல இறங்கணும். அங்கேர்ந்து கிழக்கே ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா பனித்திட்டு. மீனவ கிராமம். நான் பக்கத்து பாகூர்க்காரன்.

இத்தாலியை எதுக்கு இழுத்தேன்னு கேப்பீங்க. அதுக்கு வழியில இருக்கிற அரிக்கமேட்டைப் பத்தி முதல்ல பேசணும்.

என் கூடப் படிச்ச ஒருத்தன் இப்போ மாஸ்டர்ஸ் பண்ண இத்தாலில இருக்கான். ஒரு நாள் வீடியோ கால்ல, "டேய், நான் அரேட்சோல இருக்கேன்"னான். எனக்கு அந்தப் பேரே தெரியாது. ரோம், வெனிஸ், ஃப்ளாரன்ஸ் தாண்டி நமக்கு என்ன தெரியும்? ஃப்ளாரன்ஸ்லேர்ந்து ரோம் போற ரயில் பாதையில இருக்கிற ஊர் அது. 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்துல ராபர்த்தோ பெனிக்னி சைக்கிள்ல சுத்துவாரே, அந்தத் தெருக்கள் நிறைய இங்கேதான் எடுத்தது. பழைய ரோமானிய அரங்கத்தை ஒட்டி ஒரு தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கு. அங்கே செக்கச்செவேல்னு பளபளக்கிற மண் கிண்ணங்களைக் காட்டி, "இதை எங்கேயோ பாத்த மாதிரி இருக்குடா"ன்னான்.

பாத்ததுதான். ஸ்கூல்ல எங்களைப் புதுச்சேரி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ பாத்தோம். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி அரேட்சோ பகுதியில செஞ்ச அந்தச் சிவப்புப் பாண்டத்துக்கு அந்த ஊர் பேரை வெச்சே 'அரெட்டைன்'னு பேரு. அதோட உடைஞ்ச துண்டுகள் அரியாங்குப்பம் ஆத்தங்கரையில, அரிக்கமேட்டுல கிடைச்சுது. 1944-ல மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா வந்தார். சென்னை அருங்காட்சியகத்துல ஒரு ரோமானிய ஜாடித் துண்டைப் பாத்துட்டு, அது எங்கேர்ந்து வந்துதுன்னு விசாரிச்சு புதுச்சேரிக்கே வந்துட்டார். 1945-ல தோண்டினார். தென்னிந்தியாவுல ஒரு மண் அடுக்குக்கு இன்ன காலம்னு உறுதியா சொல்ல முடிஞ்சதுக்குப் பெரிய காரணம் அந்த இத்தாலியக் கிண்ணத் துண்டுகள். இத்தாலில அவை எப்போ செஞ்சதுன்னு தெரியும், அதனால இங்கே கூடக் கிடைச்ச நம்ம ஊர்ப் பானைக்கும் காலம் தெரிஞ்சுது. 'பெரிப்ளஸ்'ங்கிற பழைய கிரேக்கக் கடல்வழி நூல்ல வர்ற 'பொதுகே' துறைமுகம் இதுதான்னு பல அறிஞர்கள் சொல்றாங்க.

இப்போ அங்கே போனா என்ன இருக்கும்? உண்மையைச் சொல்லிடறேன், பெருசா ஒண்ணும் இருக்காது. மாந்தோப்பு, ஆறு, ரெண்டு செங்கல் தூண். அந்தத் தூண் முன்னாடி நின்னு "ரோமன் ருயின்ஸ்"னு ஸ்டோரி போடாதீங்க. அது 18-ஆம் நூற்றாண்டுல கிறிஸ்தவ மிஷனரிகள் கட்டின கட்டடத்தோட மிச்சம். ரோமானியக் கதையெல்லாம் உங்க காலுக்குக் கீழே இருக்கு.

சரி, பனித்திட்டு.

சினிமால காட்டற பீச்சை மனசுல வெச்சுக்கிட்டு வராதீங்க. குடை, சாய்வு நாற்காலி, கஃபே எதுவும் கிடையாது. ஃபைபர் போட்டுகள் மணல்ல ஏத்தி வெச்சிருக்கும். வலை விரிச்சிருக்கும். நெத்திலி காயும். நாலு பேர் உக்காந்து கிழிஞ்ச கண்ணியைக் கோத்துக்கிட்டு இருப்பாங்க. நமக்கு அது 'வியூ', அவங்களுக்கு வேலை செய்யற இடம். விடிஞ்சதும் போட்டு கரைக்கு வரும், மீன் ஏலம் போகும். அந்த நேரத்துல நடுவுல நின்னு செல்ஃபி எடுக்கறது, ஆபீஸ்ல மீட்டிங் நடக்கறப்போ உள்ளே புகுந்து டான்ஸ் ஆடற மாதிரி. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு சுனாமி இந்தக் கரையோர ஊர்களுக்குள்ள புகுந்தது. பனித்திட்டுல எந்தப் பெரியவங்ககிட்ட பேச்சுக் குடுத்தாலும் பத்து நிமிஷத்துல பேச்சு அங்கே வந்துடும். நீங்களா ஆரம்பிக்காதீங்க.

இதுக்கு மேல சொல்லப்போறதை நான் ரொம்ப நாளா இந்த மைக்ல சொல்லாம தள்ளிப்போட்டுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ஜனவரி ஞாயித்துக்கிழமை, சென்னையிலேர்ந்து வந்த காலேஜ் ஃபிரெண்டை அங்கே கூட்டிட்டுப் போனேன். "யாருக்கும் தெரியாத பீச்டா"ன்னு பெருமை வேற. சாயங்காலம் நாலு மணி. அலை நல்லா அடிச்சுது. குளிக்கணும்னான். நான் சுத்திப் பாத்துட்டு ஒரு இடத்தைக் கை காட்டினேன். "அங்கே அலையே இல்ல பாரு, அமைதியா இருக்கு, அங்கே இறங்கு."

பாகூர்ல வளந்தவனுக்கு ஏரி தெரியும், வாய்க்கால் தெரியும். கடல் தெரியாது. வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போற தூரத்துல கடல் இருந்தும் எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இடுப்பளவு தண்ணில நின்னவன் ரெண்டு நிமிஷத்துல கழுத்தளவுல இருந்தான். அவன் கரையைப் பாத்து நீந்தறான், கரை தள்ளிப் போகுது. நான் கத்தினேன். வலை கோத்துக்கிட்டு இருந்த ரெண்டு பேர் அதை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாங்க. ஒருத்தர் கயித்தோட இறங்கினார். இன்னொருத்தர் கரையோரமா வடக்கே ஓடி, "இப்படி வா, இப்படி வா"ன்னு பக்கவாட்டுல கையைக் காட்டினார். இழுத்துப் போட்டாங்க. வாந்தி எடுத்தான், அழுதான். பிழைச்சுக்கிட்டான்.

கயித்தோட இறங்கின மாமா என்னைப் பாத்துக் கேட்டார். "இன்னா தம்பி, கடலை ஏரின்னு நெனச்சியா? அல உடையாத எடத்துலதான் தண்ணி வெளிய போவுது."

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன். அலை கரைக்குத் தண்ணியைக் கொண்டு வந்துக்கிட்டே இருக்கு. அந்தத் தண்ணி திரும்பிப் போகணும் இல்லையா? கரைக்குக் கொஞ்சம் தள்ளி தண்ணிக்கு அடியில மணல் மேடு இருக்கும். அலை உடையறது அந்த மேட்டு மேலதான். மேட்டுல எங்கே இடைவெளி இருக்கோ, அங்கே குவிஞ்ச தண்ணி எல்லாம் ஒரே வழியா கடலுக்குள்ள பாயும். அங்கே ஆழம் அதிகம், அதனால அலை உடையாது. மேலேர்ந்து பாத்தா அமைதியா, கொஞ்சம் கருப்பா, சில நேரம் மணல் கலங்கித் தெரியும். தெரியாதவன் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடம். ஆத்து முகத்துவாரம், கல்லு கொட்டின இடம், இதுங்க பக்கத்துல இழுப்பு இன்னும் மோசம்.

மாட்டிக்கிட்டா கரையை நோக்கி நீந்தாதீங்க, நல்லா நீந்தறவனும் அதுல களைச்சுப் போவான். கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்தி அலை உடையற பக்கம் வந்துட்டா அந்த அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். முடியலன்னா மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டுங்க. காப்பாத்த நினைக்கிற ஃபிரெண்ட் வெறுங்கையோட இறங்கக்கூடாது. கயிறு, காலி கேன், மிதக்கிற எதையாவது வீசுங்க. என்னைக் கேட்டா, பனித்திட்டு மாதிரி லைஃப்கார்ட் இல்லாத கரையில முழங்காலுக்கு மேல இறங்கவே வேண்டாம். குளிச்சே ஆகணும்னா சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச் இருக்கு. 2021-ல நீலக்கொடி சான்று வாங்கினது. ஆள் இருக்காங்க, எல்லை கட்டியிருக்காங்க.

இப்போ இத்தாலிக்குத் திரும்பலாம். சார்டீனியா தீவுல லா பெலோசான்னு ஒரு கடற்கரை. ஒரு காலத்துல உள்ளூர் ஜனம் மட்டும் போய்க்கிட்டு இருந்துது. படம் பரவினதும் கூட்டம் கொட்டிச்சு. துண்டுல ஒட்டிக்கிட்டே மணல் போகுதுன்னு இப்போ வெறும் துண்டு விரிக்கவே தடை, கீழே பாய் போடணும். கோடையில ஒரு நாளைக்கு 1500 பேர்தான், மூணரை யூரோ டிக்கெட். அதே தீவுல கடற்கரை மணலை அள்ளிட்டுப் போனா 500 யூரோலேர்ந்து 3000 யூரோ வரைக்கும் அபராதம். பக்கத்து புதெல்லித் தீவோட ரோஸ் நிற மணல் கரையில 1990-கள்லேர்ந்து கால் வைக்கவே அனுமதி இல்ல. வெனிஸ் 2024-ல ஒரு நாள் மட்டும் வந்து போறவங்களுக்கு, கூட்டம் அதிகமான நாட்கள்ல அஞ்சு யூரோ கட்டணம் போட்டுது. இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் ஃபிரெண்டுக்குச் சொன்ன 'ரகசிய' இடம்தான்.

நம்ம ஊர் மணலுக்கு வேற பிரச்சனை. இந்தக் கரையில மணல் வருஷத்துல பெரும்பகுதி தெற்கேர்ந்து வடக்கே நகரும். 1980-கள் கடைசியில துறைமுகத்துக்குன்னு அலைத்தடுப்புச் சுவர் கட்டினதும் அந்த நகர்வு தடைபட்டுது. தெற்கே மணல் சேர, வடக்கே புதுச்சேரி நகரக் கடற்கரை கரைஞ்சு கல்லுதான் மிஞ்சிச்சு. காந்தி சிலை பக்கம் பாறையைப் பாத்து "செம்ம வைப்"னு சொல்றோமே, அது ஒரு காலத்துல மணல் இருந்த இடம்.

பனித்திட்டோட அன்னைய நாள் முடிஞ்சிடாது. அங்கேர்ந்து மேற்கே பாகூர் வந்துடுங்க, எங்க ஊரைப் பத்தி நானே சொல்லலைன்னா வீட்டுல சோறு கிடைக்காது. புதுச்சேரிப் பகுதியில ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி எங்களுது. தென்பெண்ணைத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா வருது. மூலநாதர் கோயில்ல அடித்தளத்துல குனிஞ்சு பாருங்க, விரல் நீளத்துக்கு நடனச் சிற்பங்கள். 9-ஆம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துல இங்கே ஒரு கல்லூரி நடந்துது, அதுக்கு மூணு கிராமத்தைத் தானமா எழுதின செப்பேடு கிடைச்சிருக்கு. 1752-ல ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதினாங்க, பிரெஞ்சுப் படை தோத்துது. பத்து ரூபாய் டீ குடிச்சுக்கிட்டு இவ்வளவையும் பாத்துடலாம்.

போறதுக்கு நல்ல மாசம் ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மீன் விலை ஏறியிருக்கும்.

இந்த எபிசோடைப் போடறதுக்கு முன்னாடி அந்த மாமாகிட்ட போய்க் கேட்டேன். "மாமா, ஊர் பேரைச் சொல்லிப் பேசலாமா? கூட்டம் வந்துட்டா?" வலையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "சொல்லு தம்பி. வரட்டும். பாட்டில ஒடச்சி மணல்ல போடாம இருந்தா சரி, வெறுங்கால்ல ஓடறோம் நாங்க. அப்புறம் எங்க எறங்கக்கூடாதுன்னு வந்ததும் எங்ககிட்ட கேக்கச் சொல்லு."

அதனால பேரைச் சொல்லிட்டேன், மேப் பின் மட்டும் போடல. கிருமாம்பாக்கத்துல இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வாங்க.