மீண்டும் ஒரு தாதியாக...

இலங்கையில் தாதியாக இருந்த ஒருவர் கனடாவுக்கு வந்தால், மறுநாளே இங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்று ஊரிலுள்ள பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. நான் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், பதிவு பெறாத ஒருவர் தன்னைத் ‘தாதி’ என்று சொல்லிக்கொள்வதற்கே சட்டத்தில் இடமில்லை. அந்தப் பதிவுக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய வாசல் ‘என்கிளெக்ஸ் ஆர்.என்.’ என்னும் பரீட்சை. அமெரிக்காவில் உருவான இந்தப் பரீட்சையைக் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 தொடக்கம் தமது தாதியர் பதிவுக்கும் ஏற்றுக்கொண்டன. அதற்கு நான் எப்படி ஆயத்தமானேன் என்பதை, எங்கள் சகோதரிகள் யாருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடப் பயிற்சி பெற்று, வன்னியில் பணியாற்றியவள். 2009 வரை அங்கேயே இருந்தேன். பிறகு முகாம், பிறகு வவுனியா. 2014 இல் திருமணமாகிக் கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடைமாற்றுவது, உணவூட்டுவது என் வேலை. எந்த வேலையும் இழிவானதல்ல. ஆனால் ஒரு முதியவரின் மூச்சு மாறுவதைக் கண்டு, அது என்னவென்று தெரிந்தும், இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. 2020 இல் கொரோனா இங்குள்ள முதியோர் இல்லங்களுக்குள் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனபோது, படித்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

முதலாவது தடை கடதாசிகள். என் சான்றிதழ்கள் எல்லாம் இடப்பெயர்வில் எங்கோ ஒரு பதுங்குகுழியோடு போய்விட்டன. ஆனால் இங்குள்ள பதிவு அமைப்புகள் விண்ணப்பதாரரின் கையிலுள்ள பிரதியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. படித்த இடமும், இலங்கைத் தாதியர் சபையும் நேரடியாக அனுப்பும் உறுதிப்படுத்தல்களையே கேட்கின்றன. என் பயிற்சிக் கல்லூரியின் பதிவேட்டில் என் பெயரும் பெறுபேறுகளும் இருந்தன. ஊரிலுள்ள என் தம்பி மாதக்கணக்காக அலைந்து அந்த அலுவலைப் பார்த்தான். சான்றிதழைத் தொலைத்த சகோதரிகளே, கையிலிருந்த தாள் தொலைந்தால் படித்த படிப்பும் தொலைந்ததாக நினைத்துவிடாதீர்கள். படித்த இடத்தில் பதிவேடு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது தடை படிப்பின் அளவு. ஒன்ராறியோவில் 2005 தொடக்கம், நான் விண்ணப்பித்த காலத்திலும், பதிவுபெற்ற தாதி என்றால் பட்டப்படிப்பு வேண்டியிருந்தது. என்னுடையது டிப்ளோமா. அந்த இடைவெளியை நிரப்ப வேலை செய்துகொண்டே மேலதிக பாடங்கள் படித்தேன். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றும் எழுதினேன். வெளிநாடுகளில் படித்த தாதியருக்கு வழிகாட்டவென்றே 2001 இல் தொடங்கிய நிலையம் ஒன்று ரொறன்ரோவில் இருக்கிறது. அதன் பெயர் கெயார் சென்ரர். கேரளப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் இந்த வழியால் முன்னரே நடந்தவர்கள். அவர்களில் இருவரும் நானும் சேர்ந்து வாரம் ஒரு நாள் கூடிப் படித்தோம்.

இனிப் பரீட்சையைப் பற்றிச் சொல்கிறேன். இது மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பரீட்சையன்று. கணனி முன்னால் இருந்து, அதிகபட்சம் 5 மணித்தியாலத்தில் எழுத வேண்டும். நாம் ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது கடினமாக வரும், பிழைத்தால் சற்று இலகுவாக வரும். குறைந்தது 85 கேள்விகள், கூடியது 150. நமது தகுதி பற்றிக் கணனிக்கு உறுதி ஏற்பட்டவுடன் பரீட்சை தானாக நின்றுவிடும். 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில், ஒரு நோயாளியின் முழுக் குறிப்பையும் தந்து அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். எந்த அறிகுறி முக்கியமானது, அதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம், முதலில் எதைச் செய்வது, செய்ததால் பலன் உண்டா என்று படிப்படியாக யோசிக்க வைப்பதே நோக்கம். சித்தியடையாவிட்டால் 45 நாட்கள் கழித்தே மீண்டும் எழுதலாம்.

இரவு வேலை முடிந்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, சமையலுக்கு முன் இரண்டு மணித்தியாலம் படிப்பேன். தினமும் 75 பயிற்சிக் கேள்விகள். விடை சரியோ பிழையோ, அதற்கான விளக்கத்தை வாசிக்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைப்பேன். பொற்றாசியம் 3.5 முதல் 5.0 வரை, சோடியம் 135 முதல் 145 வரை என்ற அளவுகளைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்தேன். மருந்துப் பெயர்களை என் எட்டு வயது மகள் அட்டையைப் பார்த்துக் கேட்பாள், நான் சொல்வேன்.

எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது நோய்களோ மருந்துகளோ அல்ல, யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விகள்தான். ஓர் உதாரணம். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் நோவென்று சொல்பவர், சாப்பாடு எப்போது வரும் என்று கேட்கும் நீரிழிவு நோயாளி, வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர், இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று சோர்ந்துபோன ஆஸ்துமாப் பிள்ளை. இவர்களில் முதலில் யார்? அந்தப் பிள்ளைதான். சத்தம் நின்றது சுகம் வந்ததால் அல்ல, காற்றே உள்ளே போகாததால். சாதாரண விடுதியில் மிக மோசமாக இருப்பவரே முதல்வர் என்பது விதி.

ஆனால் பேரனர்த்தத்தின்போது விதி தலைகீழாகிவிடுகிறது. இருக்கின்ற கொஞ்ச மருந்தையும் கொஞ்சக் கைகளையும் கொண்டு யாரைக் காப்பாற்ற முடியுமோ அவரே முதல்வர். காப்பாற்ற முடியாதவர் கடைசி. பாடப்புத்தகத்தில் இது ஒரு சிறிய அத்தியாயம். நான் அதை மாதக்கணக்காகத் தரையில் முழந்தாளிட்டுச் செய்தவள். அந்தப் பகுதியில் எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அதைவிட்டு வெளியே வருவதற்குத்தான். எல்லா மருந்தும், எல்லாக் கருவியும், போதிய ஆட்களும் உள்ள ஒரு வைத்தியசாலையில் நிற்கிறேன் என்று ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மனநலப் பகுதியில் ஒருநாள் இப்படியொரு கேள்வி வந்தது. பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி பேசாமல் இருக்கிறாள். தாதி என்ன செய்ய வேண்டும்? ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்பதும், ‘மற்றப் பிள்ளைகளை நினைத்து மனதைத் தேற்றுங்கள்’ என்பதும், ‘ஏன் அழாமல் இருக்கிறீர்கள்’ என்பதும் பிழையான விடைகள். பக்கத்தில் இருந்து, ‘நான் உங்களோடு இருக்கிறேன்’ என்று சொல்லி, அவள் பேசும்வரை காத்திருப்பதே சரி. பிழையான அந்த வார்த்தைகளை முகாமில் எத்தனை தாய்மார் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்! சொன்னவர்களும் அன்போடுதான் சொன்னார்கள். அன்று கணனியை மூடிவிட்டு ஊரிலுள்ள அக்காவோடு நெடுநேரம் கதைத்தேன். அடுத்தநாள் மீண்டும் படிக்க உட்கார்ந்தேன். போரைக் கண்ட ஒருவர் இந்தப் படிப்பைத் தொடங்கினால் பழைய நினைவுகளும் கூடவே வரும். அப்போது தனியே இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

2024 இல் பரீட்சை எழுதினேன். உள்ளங்கை நரம்புகளைக் கருவியில் பதிந்து, கைப்பையையும் கைக்கடிகாரத்தையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். கணனி நின்றபோது சித்தியா இல்லையா என்று எதுவும் காட்டவில்லை. சில நாட்களின் பின் பெறுபேறு வந்தது. சித்தியடைந்திருந்தேன். இந்த மாகாணத்தின் சட்ட விதிகள் பற்றிய இன்னொரு பரீட்சையையும் முடித்து, இன்று பதிவுபெற்ற தாதியாக ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறேன்.

ஊரில் தாதியராக இருப்போருக்கும், தாதியர் பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தாய்மாருக்கும் சில வார்த்தைகள். பயிற்சிக் காலத்துப் பாடவிபரம், பெறுபேறு, சேவைக்காலக் கடிதம் யாவற்றுக்கும் பிரதிகள் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஆங்கிலத்தை இப்போதே தினமும் கொஞ்சம் வாசியுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், போக விரும்பும் மாகாணத்தின் பதிவு அமைப்பிடமே நேரடியாகக் கேளுங்கள். பரீட்சை இல்லாமல் கனடாவில் தாதி வேலை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால், நகையை அடகு வைக்க முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அவர் அனுமதி பெற்ற முகவரா என்று விசாரியுங்கள்.

இந்தப் பரீட்சையை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் நாற்பது வயதிலும், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலும், சான்றிதழைத் தொலைத்த பின்பும் படித்துச் சித்தியடைய முடியும்.