வீடு முழுவதும் குளிர வேண்டுமா?

எமது மைத்துனர் கொக்குவிலில் மாடிவீடு ஒன்று கட்டத் தொடங்கியது 2024ஆம் ஆண்டுத் தைமாதத்தில். அத்திவாரம் இட்டுக் கீழ்த்தளத்துச் சுவர்கள் ஆளுயரத்துக்கு எழும்பியிருந்த வேளையிலேதான் சித்திரை வெயில் வந்து சேர்ந்தது. வாடகை வீட்டின் சீற்றுக் கூரைக்குக் கீழே படுத்திருந்த எம் மாமியார், வயது எழுபத்தெட்டு, ஒருநாட் பிற்பகல் மயங்கி விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, வெப்பமே காரணம் என்றார் வைத்தியர். முதியோருக்கு வியர்வை சுரப்பதும் குறைவு; தாகம் தெரிவதும் குறைவு. ஆதலின் இளையோர் பொறுக்கும் வெயிலை அவர்கள் பொறுக்கமாட்டார்.

இரண்டு நாட் கழித்து மாமியார் வீடு திரும்பிய இரவிலே மைத்துனர் எம்மிடம் வந்தார். "அத்தான், புது வீடு முழுக்க ஏசி போடப்போறன். பெரியக்கா வீட்டிலை இருக்கிறமாதிரிச் சென்ட்ரல் ஏசி. அவவே காசும் அனுப்புறா. நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

பெரியக்கா வாழ்வது கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில். அவ்வீட்டில் மத்திய வளிச்சீராக்கி இருப்பதில் வியப்பொன்றும் இல்லை. அந்நாட்டுப் பனிக்காலத்துக்கு வீடு சூடாக்கும் உலை இன்றியமையாதது. நிலவறையில் உள்ள அவ்வுலையிலிருந்து சூடான வளியை ஒவ்வோர் அறைக்கும் கொண்டு செல்லும் குழாய்கள், வீடு கட்டும்போதே சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் அமைக்கப்பட்டுவிடும். அவற்றை ஊதும் விசிறியும் அங்கேயே உண்டு. கோடைக்குச் செய்யவேண்டியதெல்லாம் உலையின் மேலே ஒரு குளிர்ச் சுருளும், வீட்டுக்கு வெளியே ஓர் அமுக்கியும் பொருத்துவதுதான். பனிக்காலத்துக்காக இட்ட குழாயிலே கோடைக் குளிர் இலவசமாகப் பயணம் செய்கிறது. கொக்குவிலில் உலையும் இல்லை, நிலவறையும் இல்லை. குளிருக்காக மாத்திரம் குழாய் முழுவதையும் புதிதாக இடவேண்டும். செலவிற் பெரும்பகுதி அதற்கே போகும் என்பதைப் பெரியக்காவும் அறிந்திருக்க நியாயமில்லை.

நிற்க. அடுத்த கிழமை நிறுவனமொன்றிலிருந்து விற்பனையாளர் ஒருவர் வந்தார். வீட்டுப் படத்தை விரித்தார். 1,800 சதுர அடி என்று கண்டார். 360 சதுர அடிக்கு ஒரு ரொன் வீதம் வகுத்தார். "ஐந்து ரொன்" என்றார். கூரை ஓடா கொங்கிறீற்றா, எந்தச் சுவர் மேற்குப் பார்த்தது, பகலில் வீட்டில் இருப்போர் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. தையற்காரர் ஒருவர் ஆளைப் பாராமலே, வயதை மாத்திரம் கேட்டுச் சட்டை வெட்டினால் எப்படியோ, அப்படி இருந்தது.

இந்த 'ரொன்' என்னும் சொல் எம் மாணவரையும் மயக்குவதுண்டு. இஃது இயந்திரத்தின் நிறையன்று. பனிக்கட்டி விற்ற காலத்து அளவு. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வீதத்தில் வெப்பத்தை அகற்றும் ஆற்றலே ஒரு ரொன். கடைக்காரர் மொழியிற் சொன்னால் மணிக்கு 12,000 பீ.ரீ.யூ.; மின் அளவிற் சொன்னால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாற்று வெப்பம். ஐந்து ரொன் என்பது நாளொன்றுக்குப் பத்தாயிரம் இறாத்தல் பனிக்கட்டியை அவ்வீட்டுக்குள் உருகவிடுவதற்குச் சமம்.

பெரிது வாங்கினால் நல்லதுதானே, சிறிது வேலை செய்துவிட்டு ஓய்ந்திருக்கட்டுமே என்று வாசகர் கேட்கலாம். மைத்துனரும் அதையே கேட்டார். அதற்கு விடை கூற, இந்த இயந்திரம் எதற்காகப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும்.

1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புறூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. கோடையின் ஈரத்தைக் கடதாசி உறிஞ்சி விரிந்தது, உலர்ந்தபோது சுருங்கியது. ஒரு நிறத்தை அச்சிட்டு அதன்மேல் அடுத்த நிறத்தை அச்சிடும்போது இரண்டும் பொருந்தாமல் விலகின. வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் குளிர்ந்த சுருள்களின் மீது வளியைச் செலுத்தி, அதிலுள்ள நீராவியை நீராக ஒடுக்கி அகற்றும் முறையை அவ்வச்சகத்துக்கு வகுத்துக் கொடுத்தார். மனிதருக்குச் சுகம் அளிப்பது அவர் நோக்கமன்று. கடதாசியின் ஈரத்தை அடக்குவதே நோக்கம். இன்று எம் வீடுகளில் தொங்கும் வளிச்சீராக்கி அந்த அச்சகத்து இயந்திரத்தின் வழித்தோன்றலே. குளிர்விப்பது அதன் ஒரு கை. உலர்த்துவது மறு கை.

எமது நாட்டிலே அந்த மறு கையின் வேலையே பெரிது. மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். 30 பாகை செல்சியசில் நிரம்பிய வளியின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி உண்டு. சாரீரப்பதன் நூற்றுக்கு 80 ஆனால் 24 கிராம். நீளம், அகலம் பன்னிரண்டு அடியும் உயரம் பத்து அடியுமான படுக்கையறை ஏறக்குறைய 40 கனமீற்றர். அப்படியாயின் கண்ணுக்குத் தெரியாமல் அவ்வறையின் வளியிலே ஒரு லீற்றர் தண்ணீர் மிதக்கிறது! கதவு திறக்குந்தோறும் புதிய ஈரம் உள்ளே வரும். உறங்குவோரின் மூச்சும் வியர்வையும் அதனோடு சேரும். ஒரு லீற்றர் நீராவியை ஒடுக்க, அறையின் வெப்பநிலையை ஒரு பாகைகூடக் குறைக்காமலே, மூன்றிலிரண்டு கிலோவாற்று மணி வெப்பத்தை அகற்றவேண்டும்.

இவ்வுலர்த்தல் உடனே நிகழ்வதன்று. சுருள் நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் நீர் அரும்பி, துளியாகித் திரண்டு, வடிகுழாய்க்கு ஓடுவதற்கு நேரம் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய இயந்திரமோ ஐந்தாறு நிமிடத்தில் வளியைக் குளிராக்கிவிடும். வெப்பநிலை காக்கும் கருவி 'போதும்' என்று அமுக்கியை நிறுத்தும். விசிறி மட்டும் சுழல, சுருளில் அரும்பி நின்ற ஈரம் மறுபடி அறைக்கே திரும்பும். குளிர் உண்டு, ஆனால் கசகசப்பும் உண்டு. மழைநாளில் ஈரப் பாயிற் படுத்ததுபோல இருக்கும். அதைத் தாங்காமல் வெப்பநிலையை 24க்கும் 22க்கும் இறக்குவார்கள். மின்கட்டணம் ஏறும், முதியவருக்குக் கைகால் விறைக்கும். அடிக்கடி நின்று தொடங்குவதால் அமுக்கியின் ஆயுளும் குறையும். இன்வேட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்து ஓடவல்லது என்பது உண்மை. ஆயினும் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. மிகப் பெரிதாக வாங்கினால் அதுவும் இதே குற்றத்தைச் செய்யும். விரலுக்கேற்ற வீக்கம் என்று எம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

குழாயைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது. மைத்துனர் வீட்டு மேற்றளத்துக்கு ஓட்டுக்கூரை. வளிக்குழாய்கள் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலேதான் செல்லவேண்டும். நண்பகலில் வீட்டிலேயே மிக வெப்பமான இடம் அது. பொருத்துக்கள் சரியாக அடைபடாவிட்டால், அரும்பாடுபட்டுக் குளிரவைத்த வளி அந்த வெப்பத்துக்குள்ளே கசிந்துபோகும். குழாய்த் தொழிலில் நெடுங்காலப் பழக்கமுள்ள அமெரிக்காவிலேயே, சாதாரண வீடுகளிற் குழாய்வழிச் செல்லும் வளியில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை கசிவினால் இழக்கப்படுகிறது என்று அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்ரார் திட்டத்தார் கூறுகின்றனர். குழாயின் உறை எங்கேனும் கிழிந்தால் குளிர்ந்த தகட்டின்மேல் நீர் வியர்த்துச் சீலிங்கில் பூஞ்சணம் படரும். எலியும் மரநாயும் கூரைக்குள் குடியிருப்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவை உறையைக் கிழிப்பதற்கு எவரிடமும் அநுமதி கேட்பதுமில்லை.

மற்றொன்று. மத்திய வளிச்சீராக்கி எல்லா அறைகளின் வளியையும் மீட்டு இழுத்து, ஒன்றாகக் கலந்து, திரும்ப அனுப்புவது. குசினியில் மிளகாயும் மல்லியும் வறுக்கும் நாளில் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் இருமுவார்கள். மைத்துனர் எமது நியாயங்களுள் இதற்கே முதலில் இணங்கினார் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

செலவுக் கணக்கில் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. எமது நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கூடுதலாக எரிக்கும் அலகுக்குக் கூடுதலான வீதம். அவ்வீட்டில் ஐவர். பகலில் மூவர் பாடசாலைக்கும் கந்தோருக்கும் போய்விடுவர். மைத்துனரின் மனைவி அரைநாள் வேலை. பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் மாமியார் ஒருவரே. அவர் ஒருவரின் அறைக்காக 1,800 சதுர அடியையும் குளிரவைப்பதா? 2022ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். இயந்திரத்தை நம்பிக் காற்றுத் துவாரங்களையெல்லாம் அடைத்துக் கட்டிய வீடு, அத்தகைய நாளில் வெதுப்பகத்து அடுப்பாகிவிடும்.

மத்திய முறை எவர்க்கும் ஆகாதென்று நாம் சொல்லவில்லை. பல அறைகள் ஒரே வேளையில் பயன்படும் பெரிய வீடு, கண்ணாடிச் சுவர்கள் நிறைந்த கொழும்பு வீடு, ஆரம்பப் படத்திலேயே குழாய்க்கு இடம் ஒதுக்கிய வீடு ஆகியவற்றுக்கு அது பொருந்தக்கூடும். விரும்புவோர் ஒவ்வோர் அறைக்கும் வெப்பச் சுமையைத் தனித்தனியே கணித்துத் தரும்படி கேட்கவேண்டும். கணக்குத் தராதவரிடம் வாங்கலாகாது. கதவு மூடிய அறையிலிருந்து வளி திரும்பிச் செல்ல வழி இருக்கிறதா, வடியும் நீர் எங்கே போகிறது, தூசு வடியைக் கழுவக் கை எட்டுமா என்று பார்க்கவேண்டும். நிரப்பும் வாயுவின் பெயரையும் கேட்டறிக. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டுவரும் ஆர்-22 வாயுவில் இயங்கும் பழைய இயந்திரத்தை யாரேனும் மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம். வாயு குறைந்தால் நிரப்புவது வரவரக் கடினமாகும்.

மைத்துனர் ஈற்றிற் செய்தது இது. மேற்குச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்கு விறாந்தை இறக்கினார். ஓட்டுக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பும் பளபளப்பான படலத்தை விரித்தார். கட்டடத்துக்கு இடைஞ்சலாய் நிற்கிறதென்று மேசன் தறிக்கச் சொன்ன வேம்பைத் தறிக்கவில்லை. மாமியாரின் அறையைக் கீழ்த்தளத்தில் கிழக்குப் பக்கமாக மாற்றி, அதற்கு மாத்திரம் 9,000 பீ.ரீ.யூ. கொண்ட இன்வேட்டர் வளிச்சீராக்கி ஒன்றைப் பூட்டினார். வெப்பநிலை 26 பாகை. மெதுவாகச் சுழலும் மின்விசிறி ஒன்று துணை. பிள்ளைகள் வளர்ந்தபின் வேண்டுமாயின் பூட்டுவதற்கென்று மற்றைய படுக்கையறைச் சுவர்களிலும் குழாய்க்கும் வடிநீருக்கும் துவாரம் விடச் செய்தோம். கட்டும்போது அது காற்பணத்து வேலை. பிறகு உடைப்பதென்றால் முழுப்பணம்.

பெரியக்காவுக்கு இதைச் சொல்வதே கடினமாக இருந்தது. "நான் அனுப்பின காசு அம்மாவுக்கு வேண்டாமாமோ?" என்று தொலைபேசியில் அவர் குரல் தழுதழுத்தது. தாயாரைத் தூரத்தில் விட்டுவிட்டு வாழ்கிறவர் அனுப்புவது பணம் மாத்திரமன்று. அதனை மைத்துனர் அறியாதவரல்லர். விறாந்தையும் கூரைப் படலமும் அந்தப் பணத்திலேதான் ஆயின என்றும், அம்மா பின்னேரங்களில் அங்கேதான் கதிரை போட்டிருக்கிறார் என்றும் படம் எடுத்து அனுப்பிய பிறகே அவர் சமாதானமடைந்தார்.

2025ஆம் ஆண்டுச் சித்திரையில் நாம் அங்கு சென்றிருந்தோம். மாமியாரின் அறைச் சாளரத்துக்கு வெளியே, வடிகுழாயின் கீழ், ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. இரவில் வைத்தது, விடியும்போது முக்காற்பங்கு நிறைந்திருந்தது. "தம்பி, மழையும் இல்லை, பைப்பும் இல்லை. இவ்வளவு தண்ணியும் எங்கையிருந்து வருகுது?" என்று மாமியார் கேட்டார். அவருடைய அறை வளியிலிருந்துதான் என்று சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றும்படி பேரனுக்குச் சொல்லிவிட்டு, சோளகம் தொடங்க இன்னும் எத்தனை நாள் என்று எம்மைக் கேட்டார்.