40 மாணவர்கள், 40 நிமிடம், ஒரு டீச்சர்: மொழி வகுப்பில் ‘ஸ்டேஷன்’ முறை என்ன செய்யும்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. 40 மாணவர்கள், 40 நிமிடம். டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேச வைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். மீதி 39 நிமிடம்? சும்மா உட்கார வேண்டியதுதான். கடைசி பெஞ்ச் ஜன்னல் வழியாக கிரவுண்டைப் பார்ப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கு?

இந்தக் கணக்கை மாற்றுவதுதான் ‘லேர்னிங் ஸ்டேஷன்’ முறை. வகுப்பறைக்குள்ளேயே நான்கு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. ஒரு மூலையில், போனில் ஓடும் உரையாடலைக் கேட்டு யார் எங்கே போகிறார் என்று குறிக்கணும். இன்னொன்றில், கலைந்து கிடக்கும் வாக்கியச் சீட்டுகளைக் கதையாக அடுக்கணும். மூன்றாவதில், ஜோடி ஜோடியாகக் கடைக்காரர், வாடிக்கையாளர் பேச்சு. நான்காவதில் டீச்சர் இருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறும்.

பேச்சு மூலையில் 10 பேர் என்றால் ஐந்து ஜோடி. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுகிறார்கள். இடம் மாறும் நேரத்தைக் கழித்தாலும், ஒரு நிமிடம் பேசியவர் இப்போது நான்கு நிமிடமாவது பேசுவார். சத்தம் வரும்தான். மொழி வகுப்பில் சத்தம் வராவிட்டால்தான் கவலைப்படணும்!

நமக்கு இது புதுசா?

இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான ‘கற்றல் ஏணி’யைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. குழந்தைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, தங்கள் அட்டையை எடுத்துப் படித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவி, இன்னொன்றுக்கு நண்பர் உதவி, இன்னொன்று தானாகவே படிக்கும்.

கொரோனாவால் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்தபின், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. இதில் வாசிப்புக் களம், கதைக் களம் என்று வகுப்பறைக்குள் மூலைகள் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள்.

இங்கேதான் சிக்கல்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தை எப்போதும் ஒரே குழுவில் இருந்தால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதற்கு இரண்டே நாளில் புரிந்துவிடும். அப்புறம் வாய் திறக்காது. அதனால் நிலை பிரிப்பதை டீச்சர் உட்காரும் மூலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே சிலரை மட்டும் அழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். மற்ற மூலைகளில் எல்லாரும் கலந்தே இருக்கட்டும்.

அந்த ஒரு மூலை ஒழுங்காக நடக்க, மற்ற மூன்றும் டீச்சர் இல்லாமல் ஓடணும். “மிஸ், இதுக்கு என்ன பண்ணணும்?” என்று நிமிடத்துக்கு ஒருத்தர் வந்தால் எல்லாம் போச்சு. எனவே, ஏற்கெனவே செய்து பழகிய வேலையைத்தான் அங்கே வைக்கணும். விடை அட்டையின் பின்பக்கத்திலேயே இருக்கணும்.

பெஞ்சை நகர்த்தவே இடமில்லாத வகுப்பா? பிள்ளைகள் எழ வேண்டாம். ஒவ்வொரு வேலையையும் ஒரு பழைய ஷூ பெட்டியில் போட்டு, பெட்டியை மட்டும் வரிசை வரிசையாக நகர்த்தினால் போதும்.