குப்பைமேடு காடாச்சு! அடையாறு கழிமுகத்தில் குடும்பத்தோடு ஒரு சுத்து

சென்னை,

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். ‘‘அப்பா, எங்கேயாவது கூட்டிட்டு போப்பா’’ என்று பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுக்கும். மெரினாவுக்கு போய் போய் அலுத்தாச்சு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் பர்ஸ் தாங்காது.

அப்படிப்பட்டவர்களுக்காக ஊருக்கு நடுவிலேயே ஒரு காடு இருக்கிறது. மலை ஏற வேண்டாம். மூச்சு வாங்காது. ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்காதான் அது. அடையாறு பூங்கா என்று சொன்னாலும் ஆட்டோக்காரர்களுக்கு தெரியும்.

குப்பையும் கட்டிட இடிபாடும்

அடையாறு ஆறு சுமார் 42 கி.மீ. ஓடிவந்து, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கிறது. கடலில் சேரும் முன்பு ஒரு கை பிரிந்து வடக்கே போய் ஓடையாக தேங்கி நிற்கும். அந்த ஓடைக் கரையில்தான் பூங்கா இருக்கிறது.

20 வருஷத்துக்கு முன்னால் இந்த பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வீடு இடித்த செங்கல், கான்கிரீட், குப்பை எல்லாம் இங்கேதான் வந்து விழுந்தது. கூடவே சாக்கடை. மிச்ச இடத்தில் சீமைக் கருவேலம்.

அதன்பிறகு அரசு இந்த இடத்தை சீரமைக்க முடிவு செய்தது. குப்பையை அள்ளினார்கள். தூர்ந்துபோன பள்ளங்களைத் தோண்டி தண்ணீர் தேங்க வழி செய்தார்கள். நம்ம கடற்கரை மண்ணுக்கு ஏற்ற நாட்டு மரங்களாகப் பார்த்து நட்டார்கள். தண்ணீர் ஓரத்தில் அலையாத்திக் கன்றுகளை ஊன்றினார்கள். 58 ஏக்கர் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு 2025-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

மரம் நட்டதால் மட்டும் காடு திரும்பி வந்துவிடவில்லை. தண்ணீர் அசைந்ததால்தான் வந்தது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் ஓடைக்குள் வரும். இறங்கும்போது திரும்பிப் போகும். இந்த வரத்து போக்கில்தான் மீன் குஞ்சு வளருது, நண்டு வருது. அதைத் தின்ன கொக்கும் நீர்க்காகமும் வருது.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு

நடைபாதை 3 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. சுற்றிவிட்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலே ஆகும். சின்னப் பிள்ளைகள், தாத்தா பாட்டி இருந்தால் பாதி தூரத்தில் திரும்புங்கள். தப்பே இல்லை.

பூங்காவுக்கு ஏன் தொல்காப்பியர் பெயர்? உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்துச் சொன்னவர் அவர். அதையே விளையாட்டாக்கி விடுங்கள்.

புல்லும் மரமும் ஓரறிவு. நத்தை, சிப்பி இரண்டறிவு. எறும்பு, கரையான் மூன்றறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. விலங்கும் பறவையும் ஐந்தறிவு. ஒரு சுத்து முடிவதற்குள் ஐந்தையும் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். செல்போனை யாரும் தேட மாட்டார்கள். ஆறாவது எங்கே என்று கேட்டால், ‘‘நாமதாண்டா’’ என்று சொல்லிக்கொள்ளலாம்!

அலையாத்தி மரத்தடியை மறக்காமல் காட்டுங்கள். சேற்றுக்குள் இருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேரே மேலே வந்து மூச்சு விடுகிறது.

2015-ஐ மறக்க முடியுமா?

‘ஊருக்கு நடுவே இத்தனை ஏக்கர் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை ஜனங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். கழுத்தளவு தண்ணீரில் பாத்திரம் பண்டம் போச்சு. பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் போச்சு.

ஓடையும் சதுப்பு நிலமும் ஆற்றுக்கு மடி மாதிரி. வெள்ளம் வரும்போது கொஞ்சம் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். இது ஒன்றே வெள்ளத்தை நிறுத்திவிடாது. ஆனால் இப்படிப்பட்ட மடிகளை ஒவ்வொன்றாக மண் போட்டு மூடினால் தண்ணீர் நம்ம வீட்டுக்குள்தான் வந்து உட்காரும்.

இன்னும் ஆபத்து தீரவில்லை. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொண்டால் ஓதம் உள்ளே வராது. தண்ணீர் தேங்கி நாறும். நாம் கால்வாயில் வீசுகிற கேரி பேக், தண்ணீர் பாட்டில் எல்லாம் மிதந்து வந்து அலையாத்தி வேரில் மாட்டிக்கொள்ளும். மூச்சு விடுகிற வேரை பிளாஸ்டிக் மூடினால் மரம் எப்படி பிழைக்கும்?

போகும் முன்பு...

பறக்கும் ரெயிலில் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கலாம். பஸ் என்றால் மந்தைவெளி பக்கம் இறங்கி விசாரியுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி, கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

காலையில் சீக்கிரம் போனால் பறவை நிறைய பார்க்கலாம். வெயிலும் உறைக்காது. தொப்பி, குடிக்க தண்ணீர், சேற்றில் வழுக்காத செருப்பு போதும். மழை பெய்த மறுநாள் பாதை ஓரத்தில் கவனம். பறவைகளுக்கு தீனி போடாதீர்கள். கத்தி விரட்டாதீர்கள். கொண்டுபோன குப்பையை திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

குப்பை கொட்டியதும் நாமதான். காட்டை திரும்பக் கொண்டு வந்ததும் நாமதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு சுத்து சுத்திக் காட்டுங்கள்.