கணக்கில் ஏறாத உழைப்பு

நுழையும்முன்

ஒரு நாட்டின் வளத்தை அளப்போர் அங்கு விளைந்த நெல்லையும் நெய்யப்பட்ட துணியையும் கணக்கிடுகின்றனர். நெல்லை விளைவித்தவரையும் துணியை நெய்தவரையும் பெற்று, பாலூட்டி, பேசவும் நடக்கவும் பழக்கி ஆளாக்கிய உழைப்பு எந்த ஏட்டில் எழுதப்படுகிறது? இளங்குழந்தைகளைப் பேணும் தாயின் அன்றாட வாழ்வையும், அவ்வாழ்வைச் சமூகமும் சட்டமும் நோக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரவு பகல் அறியா நாள்

உழவர்க்கும் தொழிலாளர்க்கும் நாள் என்பது விடியலில் தொடங்கி மாலையில் முடிவது. கைக்குழந்தையுடைய தாய்க்கோ அத்தகைய எல்லை இல்லை. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஆதலால் அதற்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டியுள்ளது. இரண்டு அல்லது மூன்று மணிநேரத்திற்கு ஒருமுறை பசித்தழும் குழந்தைக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடு தெரியாது. எனவே, தாயின் உறக்கம் துண்டு துண்டாகச் சிதறுகிறது.

குழந்தை பிறந்த ஒரு மணிநேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்கி, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே அளிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதன்பின் இணை உணவு தொடங்குகிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பது, அதைப் பதமாகக் காய்ச்சி ஆறவைப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குக் காக்கையையும் நிலவையும் காட்டி ஒவ்வொரு வாயாக ஊட்டுவது என வேலைகள் நீள்கின்றன. வீட்டில் பள்ளிக்குச் செல்லும் மற்றொரு குழந்தையும் இருப்பின், அதனைக் குளிப்பாட்டித் தலைவாரி, உணவு கட்டித் தந்து அனுப்பும் பரபரப்பும் அதே காலைப்பொழுதில் வந்து சேர்கிறது.

இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். தெரியாத வேலைகளும் உண்டு. அடுத்த தடுப்பூசி 10ஆம் வாரத்திலா, 14ஆம் வாரத்திலா என்பது, நேற்றிரவு காய்ச்சல் எத்தனை மணிக்குத் தணிந்தது என்பது, பால்புட்டி நன்கு கொதித்ததா என்பது, மூத்த குழந்தை எதனால் இன்று பேசாமல் இருக்கிறது என்பது ஆகிய அனைத்தையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கைகள் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் தாயின் மனம் ஓய்வதில்லை. 'வீட்டில் சும்மாதான் இருக்கிறார்' என்னும் வழக்குமொழி எவ்வளவு பிழையானது என்பதை இதனால் உணரலாம்.

வளர்ப்பும் ஓர் அறிவே

குழந்தை வளர்ப்பு இயல்பூக்கத்தால் தானே அமைந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கூர்ந்து நோக்கிக் கற்கப்படும் அறிவாகும். பசியால் அழும் அழுகையையும் உறக்கத்திற்காகச் சிணுங்கும் அழுகையையும் வயிற்றுவலியின் அழுகையையும் வேறுபடுத்தி அறிவதற்குப் பல நாள் பயிற்சி வேண்டும்.

தமிழ்மரபு இவ்வறிவை மதித்துப் போற்றியுள்ளது. 'தால்' என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு எனப் பெயர் பெற்றது. எழுத்தறியாத தாய்மார் பாடிய தாலாட்டே குழந்தை கேட்கும் முதல் இலக்கியம். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனக் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பாடுகிறது. தலையை நிமிர்த்தி ஆடுதல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் ஆகியவற்றை நாள்தோறும் அருகிருந்து கண்டவர் தாயரும் செவிலியருமே. புலவர்கள் அவர்தம் நோக்கையே பாட்டாக்கினர்.

எண்கள் காட்டும் உண்மை

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுவதாக அது தெரிவித்தது. ஈடுபடும் ஆண்கள் செலவிட்ட நேரம் 97 நிமிடங்கள். வீட்டுவேலையில் பங்கேற்ற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்களோ நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதனினும் வேறாகக் கணக்கிடப்பட்டது.

இத்தனை உழைத்தும், வீட்டுப்பணி மட்டும் செய்யும் பெண், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்யாதவர்' என்னும் பிரிவிலேயே இடம்பெற்று வந்துள்ளார். இவ்வகைப்பாடு பெண்ணின் உழைப்பை மதிக்கத் தவறுகிறது என உச்சநீதிமன்றம் 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சுட்டிக்காட்டியது. 2023ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. கணவர் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி இல்லத்தையும் குழந்தைகளையும் பேணிய குடும்பம் தொடர்பான வழக்கு அது. மனைவியின் இல்லப்பணியும் சொத்துச் சேர்வதற்கான பங்களிப்பே என்றும், அதனால் அச்சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உடலும் உள்ளமும்

அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பது தாயின் பெருமையாகப் பேசப்படுகிறது. அப்பெருமைக்கு உடல் தரும் விலை பெரிது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றிலும் இரும்புச்சத்தை இழக்கும் உடல், கடைசிப் பந்தியில் அமர்ந்து அதனை மீட்டுக்கொள்ள இயலாது.

உள்ளத்தின் துன்பம் இன்னும் மறைவானது. மகப்பேற்றுக்குப் பின் சில தாய்மார்க்கு நீங்காத மனச்சோர்வு உண்டாகிறது. காரணமற்ற அழுகை, குழந்தையிடத்தும் பற்றின்மை, தன்மீதே வெறுப்பு ஆகியன அதன் அறிகுறிகள். இது மருத்துவத்தால் தீரக்கூடிய நோய். இதனைச் சோம்பல் என்றோ, பாசமின்மை என்றோ பழிக்கும் குடும்பத்தில் தாய் தன் துயரை வெளியிட அஞ்சுகிறாள், சிகிச்சை தாமதமாகிறது.

சட்டம் தரும் துணை

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைக் காணலாம் என்றும் அத்திருத்தம் வகுத்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டச்சத்தும் முன்பருவக் கல்வியும் அளிக்கின்றன. தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டன.

ஆயினும், நாற்று நடும் பெண்ணுக்கும், கட்டடப் பணியில் மணல் சுமக்கும் பெண்ணுக்கும், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் ஊதியத்துடன் கூடிய 26 வார விடுப்பு எட்டாக்கனியாகவே உள்ளது. வேலைமறத்தால் கூலி போகும். வேலைக்குச் சென்றால் குழந்தையைப் பார்ப்பார் இல்லை. பல வீடுகளில் இச்சிக்கலுக்கு மூத்த மகளே விடையாகிறாள். தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்வதற்காக அவள் பள்ளியை விட்டு நிற்கும்போது, ஒரு தலைமுறையின் சுமை அடுத்த தலைமுறையின் தோளுக்கு மாறுகிறது.

பகிர்வே வழி

கூட்டுக்குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் சித்தியும் குழந்தையை மாறிமாறி ஏந்தினர். சுமை பலர் கைகளில் பிரிந்தது. எனினும் அக்கைகள் யாவும் பெண்களின் கைகளாகவே இருந்தன. இன்றைய தனிக்குடும்பத்தில் அத்துணையும் குறைந்துவிட்டது.

பாலூட்டுதல் ஒன்றைத் தவிர, குழந்தை வளர்ப்பில் தந்தையால் இயலாத பணி எதுவுமில்லை. குளிப்பாட்டவும், ஊட்டவும், கதைசொல்லி உறங்கவைக்கவும், நள்ளிரவில் தோளில் சாய்த்து உலவவும் ஆணின் கைகளாலும் இயலும். 'உதவி' என்னும் சொல்லே இங்குப் பொருந்தாது. தம் குழந்தையைத் தாம் வளர்ப்பதை யாரும் உதவி என்று கூறார். அது கடமையின் பங்கு.

தாயைத் தெய்வம் எனப் போற்றுதல் எளிது. தெய்வத்திற்குப் பசியும் உறக்கமும் இல்லை என்னும் எண்ணமும் அப்போற்றுதலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தாய்க்குப் பசியுண்டு, களைப்புண்டு, படிக்க விரும்பிய நூலும் பாதியில் நின்ற கனவும் உண்டு. அவற்றிற்கான நேரத்தை அவளுக்கு மீட்டளிப்பது வீட்டில் உள்ள அனைவராலும் இயலும். உண்ட தட்டைத் தாமே கழுவும் மாணவரும், தங்கையை உறங்கவைத்துவிட்டுப் பாடம் படிக்க அமரும் அண்ணனும் அதனை இன்றே தொடங்கிவைக்கலாம்.