சரிந்த கப்பல் நிமிர்வது எப்படி?

மாணவர்களே, நல்லூருக்கு வடகிழக்கே வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், வல்வைக் கடலோடிகளுடன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

கொந்தளிக்கும் கடலில் இத்தகைய சிறுகலம் ஓயாது இருபுறமும் சரியும். சரிந்த பக்கம் கூடுதலாக அமிழ்வதால் மேலுதைப்பு அப்பக்கத்துக்கு நகரும். நிறை புவியீர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கித் தாக்கும். இவ்விரு விசைகளின் திருப்பமே கப்பலை நிமிர்த்துகிறது. புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் இத்திருப்பம் வலுப்பெறும். ஆகவே பாரமான பொருள்களை அடித்தட்டில் அடுக்குவர்.

பெட்டி, பீப்பாய் யாவற்றையும் இறுகக் கட்டுவது மாலுமிகளின் அன்றாடக் கடமை. கட்டவிழ்ந்த சுமை ஒருபக்கம் உருண்டால் புவியீர்ப்பு மையமும் அப்பக்கம் நகரும். கப்பல் நிமிராது கவிழக்கூடும்.

பயிற்சி: அடித்தட்டுச் சுமையை மேல்தட்டுக்கு மாற்றினால் ஏற்படும் ஆபத்தை, 'திருப்பம்' என்னும் சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.