பாதியில் நின்ற டிகிரியை முடிக்கலாம்: பிளஸ்-2 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மேல்பட்டாம்பாக்கம்,

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் சுற்று வட்டாரத்தில் காலேஜில் ஒன்றிரண்டு வருடம் படித்துவிட்டு, வீட்டு கஷ்டத்தால் நெய்வேலி பக்கம் காண்டிராக்ட் வேலைக்கு போய்விட்ட வாலிபர்கள் உண்டு. படித்தது வீண்தானா என்று கவலைப்படும் அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக்குழு 2021-ம் ஆண்டு ‘கிரெடிட் வங்கி’ திட்டத்தை கொண்டு வந்தது. பாஸ் செய்த பாடங்களின் கிரெடிட், பேங்க் கணக்கு மாதிரி மாணவர் பெயரில் சேரும். அதிகபட்சம் 7 வருடம் செல்லும். இந்திரா காந்தி திறந்தவெளி பல்கலைக்கழகத்தில் 3 வருட டிகிரிக்கு 120 கிரெடிட் வேண்டும். கையில் இருப்பதில் 50 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால் மீதி 70 படித்தால் போதும்.

ஆனால் பழைய காலேஜ் அந்த கிரெடிட்டை கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். எந்தெந்த பாடத்தை ஏற்பார்கள் என்பதை பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஏஜெண்டு சொல்லும் வாய் வார்த்தை உதவாது.

‘ஸ்வயம்’ இணையதளத்தில் பாடம் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் பீஸ்.

இதில் பலர் கோட்டை விடுவது பிளஸ்-2 விஷயத்தில்தான். 10-ம் வகுப்பு, பிளஸ்-2 முடிக்காமல் திறந்தவெளி பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும், பதவி உயர்வுக்கும் செல்லாது என 2009-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. எனவே பிளஸ்-2 இல்லாதவர்கள் அதை தனித்தேர்வராக எழுதி பாஸ் செய்த பிறகே டிகிரிக்கு பணம் கட்டுவது நல்லது.